டெக்சஸ் ஹில் கன்ட்ரி நிலம்: குருவிக் காட்டுக்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் போடலாமா?

சீடர்க்காடு கேட்டது:

வணக்கம். டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் 480 ஏக்கர். நாலு பேர் சேர்ந்த எல்எல்சி (கூட்டு நிறுவனம்) பேரில் இருக்கு. நாலு பேருக்கும் சம பங்கு, உறவுக்காரங்க இல்லை. வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. ஏக்கர் 6,000 டாலர், மொத்தம் 28.8 லட்சம். கடன் பாக்கி 16 லட்சம். மினரல் (நிலத்தடிக் கனிம) உரிமையில் பாதி எங்களிடம், மீதிப் பாதி பழைய சொந்தக்காரர் குடும்பத்திடம்.

சுமார் 200 ஏக்கர் சரிவும் ஓடைப் பள்ளமும். அங்கே முதிர்ந்த சீடர் மரமும் ஓக் மரமும் கலந்த காடு, கோல்டன் சீக்டு வார்ப்ளர்ங்கற அழிவாபத்துக் குருவி இருக்க வாய்ப்பு அதிகம்னு பார்த்தவங்க சொல்றாங்க. மீதி சமதளம், மாடு மேயுது, மான் வேட்டைக்குக் குத்தகை விடறோம்.

கேள்விகள்: கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் (நிலத்தைப் பிரிக்கவோ அழிக்கவோ மாட்டோம்னு நிரந்தரமா எழுதிக் கொடுக்கற பத்திரம்) கொடுத்தா நிலம் யாருடையது, வெளியாட்களை உள்ளே விடணுமா? நாலு வீடு கட்ட இடம் ஒதுக்கிக்க முடியுமா? குருவி இருக்குன்னு ரிப்போர்ட்ல ஏறினா அரசாங்கம் கழுத்தைப் பிடிக்குமா? வரிச் சலுகை எவ்வளவு? ஈஸ்மென்ட் திட்டத்துல பணம் போடச் சொல்ற ஒரு புரமோட்டர் "போட்ட பணத்துக்கு நாலு மடங்கு வரிக்கழிவு" என்கிறார், நம்பலாமா? காட்டை வெட்டாம சும்மா விட்டா போதுமா, இல்ல வேற வேலை இருக்கா?

பத்திரப்பார்வை எழுதியது:

புரமோட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். மீதியைக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் பத்திரத்தின் பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

நிலம் உங்களுடையதுதான். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், மாடு மேய்க்கலாம், வேட்டைக்குக் குத்தகை விடலாம். நீங்கள் கொடுப்பது, பிரித்து மனை போடும் உரிமை, காட்டை அழிக்கும் உரிமை, கல்குவாரி வைக்கும் உரிமை போன்ற சிலவற்றை மட்டும். அந்த உரிமைகள் ஒரு லேண்ட் ட்ரஸ்ட் (நிலம் காக்கும் அறக்கட்டளை) கையில் நன்கொடையாகப் போய் உறங்குகின்றன. அவர்களும் அவற்றைப் பயன்படுத்த முடியாது, யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவானதும் அது நிலத்தோடு ஒட்டிக்கொண்ட வில்லங்கம். அடுத்து வாங்குபவரையும் அதற்கடுத்தவரையும் கட்டும். நம் கல்வெட்டுகளில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதுவார்களே, அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 170(எச்) பிரிவு கேட்பதும் அதேதான். 30 வருடத்துக்கு மட்டும் என்று எழுதினால் வரிக்கழிவு (வரிக்குரிய வருமானத்திலிருந்து நன்கொடை மதிப்பைக் கழிப்பது) கிடையாது.

வெளியாட்களை உள்ளே விட வேண்டியதில்லை. பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ கொடுக்கும் ஈஸ்மென்டுக்குத்தான் பொதுமக்கள் அனுமதி அவசியம். நீங்கள் "இயல்பான வனவுயிர் வாழிடம்" என்ற நோக்கத்தில் கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது லேண்ட் ட்ரஸ்ட் ஆள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போவார். அவ்வளவே.

இப்போது உங்கள் நிலத்தில் எனக்குக் கண்ணை உறுத்தும் மூன்று இடங்கள்.

கடன். நன்கொடை கொடுக்கும் நாளிலேயே கடன் கொடுத்தவர் தன் அடமான உரிமையை ஈஸ்மென்டுக்குக் கீழே இறக்கி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கழிவு மொத்தமும் போகும். 2015-ல் பத்தாவது சர்க்யூட் (பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) மிட்செல் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது, தவணை ஒழுங்காகக் கட்டியது எதுவும் உதவவில்லை. பேங்க் ஏன் தயங்கும் என்று பாருங்கள். நிலம் இன்று 30 லட்சம் பெறும், ஈஸ்மென்டுக்குப் பிறகு 19.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 16 லட்சம் கடன் 53 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. கிராமப்புற நிலக்கடனில் இந்த விகிதத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போடும் பேங்க் குறைவு. கடனில் ஒரு பகுதியை முன்கூட்டி அடைக்கச் சொல்வார்கள். எனவே லேண்ட் ட்ரஸ்டிடம் போவதற்கு முன்பே பேங்க்கிடம் பேசிவிடுங்கள். பலர் இதைக் கடைசி மாதத்தில் செய்து சிக்கிக்கொள்கிறார்கள்.

மினரல். டெக்சஸில் நிலத்துக்கு மேலே இருப்பவனை விட கீழே இருப்பவனுக்கு உரிமை கூடுதல். மினரல் உரிமை வைத்திருப்பவர் நியாயமான அளவுக்கு மேற்பரப்பைப் பயன்படுத்தலாம், பாதை போடலாம், துளையிடலாம். உங்கள் பாதியில் மேற்பரப்புச் சுரங்கத்தை ஈஸ்மென்டிலேயே தடை செய்துவிடலாம். அவர்கள் பாதிதான் பிரச்சினை. வழி இரண்டு. அந்தக் குடும்பத்திடம் மேற்பரப்பைப் பயன்படுத்த மாட்டோம் என்று விடுதலைப் பத்திரம் வாங்குவது. அல்லது வாழிடத்துக்கு வெளியே இரண்டு ஏக்கர் துளையிடும் தளமாக ஒதுக்கி அதற்குள் நிற்க ஒப்புக்கொள்ள வைப்பது. கூடவே, மேற்பரப்புச் சுரங்கம் நடக்க வாய்ப்பு "கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது" என்று ஒரு புவியியலாளரின் அறிக்கை. இந்த ரிமோட்னெஸ் ரிப்போர்ட் இல்லாமல் மினரல் பிரிந்த நிலத்தை ஏற்கும் லேண்ட் ட்ரஸ்ட் மேல் எனக்கு நம்பிக்கை வராது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கவனம் கொடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கல், சரளை, மணலை மறந்துவிடுவார்கள். ஹில் கன்ட்ரியில் நிஜ ஆபத்து அவைதான்.

வீடுகள். நாலு வீடு கட்டலாம், ஆனால் எங்கே என்பதைச் சர்வே அளந்து, எல்லை விவரத்தோடு பத்திரத்தில் சேருங்கள். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று மிதக்க விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. இதே வார்ப்ளர் வாழிடத்துக்காக, இதே மாநிலத்தில், பாஸ்க் கவுண்டியில் ஒரு ரேஞ்ச் (பெரிய மேய்ச்சல் பண்ணை) 2005-லும் 2007-லும் ஈஸ்மென்ட் கொடுத்தது. 5 ஏக்கர் வீட்டு மனைகளின் எல்லையை லேண்ட் ட்ரஸ்ட் சம்மதத்தோடு நகர்த்தலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி. 2015-ல் வரி நீதிமன்றம், இது நிரந்தரம் இல்லை, பேஸ்லைன் ரிப்போர்டும் (நன்கொடை நாளில் நிலம் இருந்த நிலையின் பதிவு) சரியில்லை என்று கழிவை மறுத்தது. 2017-ல் ஐந்தாவது சர்க்யூட் அதை ரத்து செய்தது. மனையின் பரப்பு கூடக்கூடாது, நகர்வதும் அதே ரேஞ்சுக்குள் என்பதால் பாதகமில்லை என்றது. ஜெயித்தார்கள் என்றுதான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு வரிக்காக எத்தனை வருடம் வழக்காடினார்கள் என்பதையும் பாருங்கள். அந்த வரி இல்லாமலே வாழலாம்.

எத்தனை ஏக்கர் மனை என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 ஏக்கர் சதுரம் என்றால் பக்கம் சுமார் 295 அடி. 60 அடி வீடு, சுற்றிலும் தீத்தடுப்புக்கு 100 அடி வெட்டவெளி என்றால் 260 அடி போய்விட்டது. செப்டிக் புலம், கிணறு, ஷெட், வண்டி திரும்பும் இடம் எங்கே? 5 ஏக்கர் என்றால் பக்கம் 467 அடி, மூச்சு விடலாம். மனை நாலையும் சமதளத்தில், ஏற்கெனவே இருக்கும் பாதையை ஒட்டி வையுங்கள். காட்டின் நடுவே ஒரு "வியூ" மனை வைத்தால் அதற்குப் போகும் பாதையும் மின்கம்பியும் சேர்ந்து காட்டை இரண்டாக்கும்.

கையகப்படுத்தல் பற்றி ஒரு விதி இருக்கிறது. நாளை ஒரு மின்பாதையோ பைப்லைனோ வந்து அரசு அதிகாரத்தில் நிலத்தை எடுத்தால் ஈஸ்மென்ட் அதைத் தடுக்காது. இழப்பீட்டில் லேண்ட் ட்ரஸ்டுக்கு விகிதாசாரப் பங்கு போகவேண்டும். மேலே சொன்ன மதிப்பில் அது 35 விழுக்காடு. "சொந்தக்காரர் கட்டிய கட்டடங்களின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதியில்" என்று ஒரு வரி பழைய மாதிரிப் பத்திரங்களில் இருக்கும். அதற்காகவே 2018-ல் ரோஸ் ஹில் வழக்கில் ஐந்தாவது சர்க்யூட் கழிவை மறுத்தது. பிறகு பதினோராவது சர்க்யூட் 2021-லும், வரி நீதிமன்றமே 2024-லும் வேறு மாதிரி சொன்னாலும், டெக்சஸுக்கு மேல்முறையீடு ஐந்தாவதில்தான். வரித்துறையான ஐஆர்எஸ் 2023-30 எண் நோட்டீஸில் பாதுகாப்பான வாசகத்தையே கொடுத்திருக்கிறது. உங்கள் வக்கீல் அதை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்து ஒட்டட்டும். இங்கே நடை அழகு தேவையில்லை.

ஓடைக்கரை எழுதியது:

பத்திரப்பார்வை அண்ணன் சட்டத்தைச் சொல்லிட்டார். நான் குருவி பக்கம் வர்றேன், ஏன்னா பத்திரத்துல தப்பு நடக்கறதே இங்கதான்: குருவிக்கு என்ன வேணும்னு தெரியாம "மரம் வெட்டக்கூடாது"ன்னு ஒரே வரியில எழுதிடறாங்க.

கோல்டன் சீக்டு வார்ப்ளர், தமிழ்ல சொன்னா பொன்கன்னக் கதிர்க்குருவி, கூடு கட்டறது உலகத்துலயே நடு டெக்சஸ்ல மட்டும்தான். 1990-லிருந்து அழிவாபத்துப் பட்டியல்ல இருக்கு. மார்ச் தொடக்கத்துல வரும், கோடை முடியறதுக்குள்ள தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் போயிடும். கூட்டுக்கு ஆஷ் ஜூனிபர் பட்டைதான் வேணும். நம்ம ஊர் ரேஞ்சுக்காரங்க சீடர்னு திட்டற அதே மரம். ஆனா இளமரத்துப் பட்டை உரியாது. வயசான மரத்துலதான் நார் நாரா உரியும், அதைச் சிலந்தி வலையோட சேர்த்துக் கட்டும். கூடவே ஓக் வேணும், புழு பூச்சி அதிகமா கிடைக்கறது அதுல. அதனால முதிர்ந்த சீடர், பலவகை ஓக், மேலே கூரை மாதிரி மூடின கிளைகள் மூணும் சேர்ந்த இடம்தான் வாழிடம். மாநில வனவுயிர்த் துறையான டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் சொல்ற அடையாளம்: சீடர் 15 அடிக்கு மேல, தரையிலிருந்து நாலடி உயரத்துல தண்டு சுமார் 5 அங்குலம்.

இதுலேர்ந்து நேரா வர்ற விஷயம்: உங்க 480 ஏக்கரையும் ஒரே விதியில கட்டாதீங்க. மூணு மண்டலமா பிரிக்கச் சொல்லுங்க. சரிவும் ஓடையும் சேர்ந்த 200 ஏக்கர் காப்பு மண்டலம்: வெட்டு கிடையாது, புதுப் பாதை கிடையாது. அதைச் சுத்தி 300 அடி அகலத்துக்கு ஒரு தாங்கல் வளையம்: மேய்ச்சல் உண்டு, கட்டடம் கிடையாது. மிச்ச சமதளம் மேய்ச்சல் மண்டலம்: அங்க திறந்தவெளியில முளைச்சு வர்ற இள சீடரை எடுக்கலாம், எடுக்கணும்கூட. ஒரே விதியா போட்டா பத்து வருஷத்துல புல்வெளி பூரா இள சீடரா மாறி, மாடும் மேயாது, குருவியும் வராது.

வெட்டற வேலை எதுவா இருந்தாலும் செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள. மார்ச்-ஆகஸ்ட் கூடு காலம். ஓக்கைத் தொடறதா இருந்தா இன்னும் சுருங்கும், ஓக் வில்ட் நோய்க்காக பிப்ரவரி 1-லிருந்து ஜூன் 30 வரைக்கும் ஓக்குல வெட்டுக்காயமே படக்கூடாது. எப்போ வெட்டினாலும் காயத்துல உடனே பெயின்ட் அடிங்க. ஓக் வில்ட் வேர் வழியா மரத்துக்கு மரம் பரவும். காப்பு மண்டலத்துல ஓக் செத்துச்சுன்னா பத்திரம் எவ்வளவு கெட்டியா இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால நோய் தடுக்க அகழி வெட்டவும் பட்ட மரத்தை எடுக்கவும் அனுமதிக்கிற ஒரு விதிவிலக்கு காப்பு மண்டலத்துக்கே வேணும். இதை மறந்தவங்க அதிகம்.

"சும்மா விட்டா போதுமா"ன்னு கேட்டீங்க. போதாது. மூணு வேலை இருக்கு.

மான். இதுதான் பெரிசு, யாரும் பெரிசா நினைக்கறதில்லை. ஒயிட்டெய்லும் வெளிநாட்டு ஆக்சிஸ் மானும் (நம்ம புள்ளிமானேதான்) சேர்ந்து ஓக் கன்னை முளையிலேயே தின்னுடும். காட்டுக்குள்ள நின்னு பாருங்க: நாலஞ்சு அடி உயரம் வரைக்கும் இலையே இல்லாம ஒரு கோடு இழுத்த மாதிரி இருந்தா, பெரிய ஓக் இருக்கும், பத்து வயசு ஓக் ஒண்ணுகூட இருக்காது. இன்னிக்கு பச்சையா தெரியற காடு, ஓக் இல்லாத சீடர்க்காடா மாறப்போகுதுன்னு அர்த்தம். வேட்டைக் குத்தகையை நிறுத்தாதீங்க. பெட்டை மானையும் ஆக்சிஸையும் எடுக்கச் சொல்லிக் குத்தகையிலயே எழுதுங்க. கொம்பை மட்டும் பார்க்கற வேட்டைக்காரரால காட்டுக்கு லாபமில்லை. கூடவே நல்ல ஓக் கன்னுகளைச் சுத்திக் கம்பி வலைக் கூண்டு வைங்க, வாய்க்கு எட்டாத உயரம் போற வரைக்கும் எடுக்காதீங்க.

கௌபேர்ட். குயில் மாதிரி அடுத்த குருவி கூட்டுல முட்டை வைக்கிற ரகம். மாட்டுப் பட்டியும் தானியம் சிந்தற இடமும் அதைக் கூப்பிடும். தீவனத் தொட்டியைக் காப்பு மண்டலத்துலேர்ந்து தள்ளி வைங்க. பொறி வைக்கறதா இருந்தா பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் பயிற்சி எடுத்துட்டு, மார்ச் 1-லிருந்து மே 31 வரைக்கும் வைக்கலாம்.

மூணாவது வேலி. ஓடைக்கு மாடு இறங்கறதை முழுசா தடுக்க வேணாம், ஆனா தண்ணித் தொட்டியை மேட்டுல வச்சா மாடு தானா மேலயே நிக்கும். ஓடைக்கரையில ஓக் கன்னு பிழைக்கும்.

இதெல்லாம் பத்திரத்துக்குள்ள எழுதாதீங்க. "ஏக்கருக்கு இத்தனை மாடு"ன்னு பத்திரத்துல ஒரு நம்பர் போட்டா, வறட்சி வர்ற வருஷம் அது அதிகம், மழை வர்ற வருஷம் அது கம்மி, மாத்தவும் முடியாது. பத்திரத்துல நோக்கமும் தடையும் மட்டும். வேலை விவரம் தனி மேலாண்மைத் திட்டத்துல, அதை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு தரப்பும் திருத்தலாம்னு பத்திரம் சொல்லணும்.

அரசாங்க பயம் பத்தி: அழிவாபத்து உயிரினச் சட்டம் இன்னிக்கே உங்க நிலத்துக்குப் பொருந்தும். ரிப்போர்ட்ல ஏறுதோ இல்லையோ, குருவிக்குத் தீங்கு செஞ்சா 9-ஆவது பிரிவு மீறல்தான். ஈஸ்மென்ட் அதைக் கூட்டறதும் இல்லை, குறைக்கறதும் இல்லை. அதேபோல, ஈஸ்மென்ட் கொடுத்துட்டோம்கறதால வெட்ட லைசென்ஸ் கிடைச்சிடாது. பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தனியார் நிலத்துல எடுக்கற தகவலைச் சொந்தக்காரர் சம்மதமில்லாம வெளியிட மாநிலச் சட்டம் விடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரிப் பகுதி என் பங்கு. மதிப்பு இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால் மேலே சொன்ன 30 லட்சம், 19.5 லட்சத்தையே எடுத்துக்கொள்கிறேன். முன்மதிப்பிலிருந்து பின்மதிப்பைக் கழித்தால் ஈஸ்மென்ட் மதிப்பு 10.5 லட்சம். நாலு பேருக்கும் தலா 2,62,500 டாலர்.

ஆண்டுக்குச் சரிக்கட்டப்பட்ட மொத்த வருமானத்தில் 50 விழுக்காடு வரை கழிக்கலாம், மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஒருவர் வருமானம் 2.4 லட்சம் என்றால் முதல் ஆண்டு 1.2 லட்சம், இரண்டாம் ஆண்டு 1.2 லட்சம், மூன்றாம் ஆண்டு சுமார் 22,500. அவ்வளவில் தீர்ந்தது. விவசாயிகளுக்கும் ரேஞ்சுக்காரர்களுக்கும் 100 விழுக்காடு என்று படித்திருப்பீர்கள். அதற்கு அந்த ஆண்டு மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து வரவேண்டும். சம்பளக்காரர்களுக்கு அது இல்லை.

இது கழிவு, ரொக்கம் இல்லை. 10.5 லட்சம் மதிப்பைக் கொடுத்து, உங்கள் வரி விகிதத்துக்கு ஏற்ப அதில் ஒரு பகுதிதான் திரும்ப வருகிறது. பணம் பண்ணுவதற்காக ஈஸ்மென்ட் என்றால் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும். லாபத்தில் முடிகிறது என்று ஒருவர் காட்டினால் மதிப்பீடு பொய்.

அங்கேதான் உங்கள் புரமோட்டர் வருகிறார். 2022 கடைசியில் வந்த செக்யூர் 2.0 சட்டப்படி, எல்எல்சி போன்ற கூட்டு அமைப்பு கொடுக்கும் ஈஸ்மென்ட், பங்காளிகள் போட்ட அடிப்படை முதலீட்டில் இரண்டரை மடங்கைத் தாண்டினால் கழிவே கிடையாது. மூன்று ஆண்டு வைத்திருந்தால் விலக்கு, குடும்ப அமைப்புக்கு விலக்கு. உங்களுக்கு இரண்டும் இல்லை. "நாலு மடங்கு" என்று விளம்பரம் செய்வது ஐஆர்எஸ் வரி ஏய்ப்பாகப் பட்டியலிட்ட பரிவர்த்தனை, அதில் சேர்ந்தவர்கள் தாமே அறிவிக்கவும் வேண்டும்.

உங்கள் சொந்த ஈஸ்மென்டுக்கு இந்த வரம்பு இடிக்காது. அடிப்படை முதலீட்டைக் கணக்கிடும்போது எல்எல்சி கடனைச் சேர்க்கக்கூடாது, எனவே 28.8 லட்சத்தில் 16 கழித்து 12.8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மடங்கு 32 லட்சம். 10.5 அதற்கு வெகு கீழே. துல்லியமான எண்ணை உங்கள் கணக்காளர் எல்எல்சி புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு ஆண்டு பொறுத்தால், இடையில் யாரும் பங்கை மாற்றாத பட்சத்தில், இந்தக் கேள்வியே எழாது. எனக்குக் கேட்டால் பொறுக்கலாம். குருவி எங்கும் போகாது.

தாள் வேலையில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். மதிப்பீட்டு அறிக்கை நன்கொடைத் தேதிக்கு 60 நாளுக்கு முன்னதாகக் கையெழுத்தாகியிருக்கக் கூடாது. வரி தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கையில் இருக்கவேண்டும். நன்கொடைத் தேதியாக கவுண்டி கிளார்க்கில் பதிவான நாளை வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்திட்ட நாளை அல்ல. டிசம்பர் 30 கையெழுத்து, ஜனவரி 4 பதிவு என்றால் ஒரு வரியாண்டு நழுவியது. மதிப்பு 5 லட்சத்துக்கு மேல் என்பதால் முழு அறிக்கையையும் இணைக்கவேண்டும். நன்கொடைகளுக்கான வரிப் படிவம் 8283-ல் பி பிரிவு, மதிப்பீட்டாளர் கையெழுத்து, லேண்ட் ட்ரஸ்ட் கையெழுத்து, வாங்கிய விலைக்கான கட்டம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதற்காகவே நீதிமன்றத்தில் தோற்றவர்கள் உண்டு. லேண்ட் ட்ரஸ்டிடமிருந்து "பதிலுக்கு எதுவும் தரப்படவில்லை" என்ற கடிதம் தாக்கலுக்கு முன்பே வேண்டும்.

பக்கத்து நிலம் உங்களில் யாருக்காவது தனியாக இருந்தால் மதிப்பீட்டாளரிடம் மறைக்காதீர்கள். ஈஸ்மென்டால் அதன் விலை ஏறினால் அந்த ஏற்றத்தைக் கழிக்கவேண்டும்.

சொத்து வரி: ஏற்கெனவே மேய்ச்சல் மதிப்பீட்டில் இருந்தால் ஈஸ்மென்டால் பெரிதாக எதுவும் குறையாது. மாட்டை நிறுத்தினால் வனவுயிர் மேலாண்மைக்கு மாற்றிக்கொள்ளலாம், மாநிலம் சொல்லும் ஏழு வேலைகளில் மூன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும்: வாழிடப் பராமரிப்பு, மண் அரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உணவு, தங்கிடம், கணக்கெடுப்பு. ஓடைக்கரை சொன்ன மான், கௌபேர்ட், தொட்டி வேலைகளிலேயே மூன்று தேறும்.

சீடர்க்காடு கேட்டது:

மூணு பேருக்கும் நன்றி. மூணாவது வருஷம் முடியற வரைக்கும் பொறுக்கறதுன்னு முடிவு. ஆனா நாலு பேர்ல ஒருத்தருக்குக் கழிவு வேணாம், ரொக்கம்தான் வேணும்கிறார். ஈஸ்மென்டை விலைக்கு வாங்கறவங்க இருக்காங்களா? அப்புறம் காத்திருக்கற இந்த ஒரு வருஷத்துல என்ன செய்யலாம்?

மேய்ச்சல்தரை எழுதியது:

விலைக்கு வாங்கறவங்க உண்டு, ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு.

மத்திய அரசு என்ஆர்சிஎஸ்-ஸின் (இயற்கை வளப் பாதுகாப்புத் துறை) வேளாண் நில ஈஸ்மென்ட் திட்டம் ஈஸ்மென்டோட சந்தை மதிப்பில் 50 விழுக்காடு வரை தரும், சிறப்புச் சூழல் மதிப்புள்ள புல்வெளிக்கு 75 வரை. விண்ணப்பம் லேண்ட் ட்ரஸ்ட் பேரில்தான் போகணும். உறுப்பினர் ஒவ்வொருத்தரோட வருமானத்தையும் பார்ப்பாங்க, வரம்பு 9 லட்சம். கான்கிரீட், கூரை மாதிரி நீர் புகாத பரப்பு பொதுவா 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 480 ஏக்கருக்கு 9.6 ஏக்கர், நாலு வீட்டுக்குத் தாராளம். பத்திர வாசகத்தில் அவங்க நிபந்தனை உள்ளே வரும், பேரம் பேச இடமில்லை. உங்க காட்டை விட மேய்ச்சல் தரைதான் இந்தத் திட்டத்துக்குப் பிடிக்கும். மாநில அளவில் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் நடத்தும் ஃபார்ம் அண்ட் ரேஞ்ச் லேண்ட்ஸ் திட்டமும் ஈஸ்மென்ட் வாங்கப் பணம் தருது, போட்டி கடுமை. நிலம் எட்வர்ட்ஸ் நீர்க்கொள்ளுக்கு நீர் ஊறும் பகுதியில் இருந்தா சான் அன்டோனியோ நகரத் திட்டத்தையும் கேளுங்க. 2000-ல் வாக்காளர்கள் விற்பனை வரி ஒதுக்கித் தொடங்கினது, குருவிக்காக இல்லை தண்ணிக்காக. உங்களுக்குச் சேருமான்னு வரைபடம் சொல்லும்.

இன்னொண்ணு கன்சர்வேஷன் பேங்க். மத்திய அரசோட ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ் ஒப்புதலோட வாழிடத்தை நிரந்தர ஈஸ்மென்டில் வச்சு, கிரெடிட்டா விக்கறது. எங்கயோ ரோடு போடறவர் அழிக்கற வாழிடத்துக்கு ஈடா வாங்குவார். பர்னெட் கவுண்டியில ஹிக்கரி பாஸ் ரேஞ்ச் இதே குருவிக்கு அப்படி ஆனதுதான். ஆனா பராமரிப்புக்கு முதல் கரையாத நிதி நீங்க முன்னாடியே போடணும், வாங்கற ஆள் வராத வருஷமும் செலவு நிக்காது. 200 ஏக்கர் இதுக்குச் சின்னது. பக்கத்துச் சொந்தக்காரர் சேர்ந்தா யோசிக்கலாம். கிரெடிட் வித்த ஏக்கருக்கு நன்கொடைக் கழிவு கேட்கக்கூடாது, ஒரே பொருளை ரெண்டு தரம் விக்கற மாதிரி ஆயிடும்.

பாதி விலைக்கு வித்து மீதியை நன்கொடையா காட்டறதும் நடக்கும். ஆனா எல்எல்சி-க்குள்ள ஒருத்தருக்கு ரொக்கம், மூணு பேருக்குக் கழிவுன்னு பிரிக்கறதைக் கணக்காளரும் வக்கீலும் சேர்ந்து பார்க்காம தொடாதீங்க. பாஸ்க் கவுண்டி வழக்குல எல்லை நகர்றது மட்டுமில்ல, பங்காளிகள் பணம் போட்டு மனை வாங்கினது மறைமுக விற்பனைன்னும் ஒரு சண்டை இருந்தது. சுலபமான வழி, அவர் பங்கை மத்த மூணு பேர் வாங்கிக்கறது. ஆனா வாங்கின தேதியிலிருந்து மூணு வருஷக் கணக்கு மறுபடி தொடங்கும்.

காத்திருக்கற வருஷத்துக்கு வேலை நிறைய இருக்கு. வில்லங்கம் பார்த்து மினரல் பங்காளிகள் இப்போ யார் யார்னு கண்டுபிடிங்க. பாதிப் பங்கு ஒரு குடும்பம்னு சொல்றீங்க, ரெண்டு தலைமுறை தாண்டினா அது பதினாறு பேரா இருக்கும், அதுல ரெண்டு பேர் விலாசம் கிடைக்காது. லேண்ட் ட்ரஸ்ட் ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டு நிலத்தைக் காட்டுங்க. லேண்ட் ட்ரஸ்ட் அலையன்ஸ் வழி அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க, வழக்கு வந்தா நடத்த டெர்ராஃபர்மா காப்பீடு வச்சிருக்காங்களான்னு கேளுங்க. பராமரிப்பு நிதின்னு உங்ககிட்ட ஒரு தொகை கேட்பாங்க, அது நியாயம்தான். கேக்காதவங்க முப்பது வருஷம் கழிச்சு எப்படி வந்து பார்ப்பாங்க?

பேஸ்லைன் ரிப்போர்ட்டுக்குக் குருவிக் கணக்கு வேணும். அழிவாபத்து உயிரினச் சட்டத்தோட 10-ஆவது பிரிவு பெடரல் பர்மிட் உள்ள உயிரியலாளர்தான் எடுக்கலாம், அதுவும் மார்ச் நடுவிலிருந்து மே வரைக்கும், ஆண் குருவி பாடற காலத்துல. செப்டம்பர்ல பத்திர வேலை தொடங்கிட்டு டிசம்பர்ல பதிவு பண்ணணும்னு ஓடறவங்க ரிப்போர்ட்ல "வாழிடம் இருக்கலாம்"னு எழுதி முடிப்பாங்க, ஐஆர்எஸ் அதைத்தான் பிடிச்சுக்கும். பாடற குருவி எங்கே, எந்தத் தேதி, எத்தனை, ஜிபிஎஸ் புள்ளி, அதே இடத்துல நின்னு நாலு திசையும் எடுத்த படம், வான்படம், யூஎஸ்ஜிஎஸ் (மத்திய அரசு நிலவியல் அளவைத் துறை) வரைபடம், ரெண்டு தரப்புக் கையெழுத்து. ஒரு பாதை, ஒரு பழைய ஷெட், ஒரு குப்பைக் குழிகூட விடாம படத்துல இருக்கட்டும். பின்னாடி "இது நீங்க போட்டது"ன்னு லேண்ட் ட்ரஸ்ட் கேட்டா காட்ட வேற சாட்சி இல்லை. பர்மிட் உள்ளவங்க நாள்காட்டி ஜனவரியிலேயே நிரம்பிடும், அடுத்த வசந்தத்துக்கு இப்பவே பேசி வைங்க.

பத்திரப்பார்வை எழுதியது:

மினரல் பங்காளிகள் பதினாறு பேர் ஆனாலும் பதறவேண்டாம். எல்லோரிடமும் விடுதலைப் பத்திரம் வாங்கவேண்டியதில்லை. ரிமோட்னெஸ் ரிப்போர்ட் கெட்டியாக இருந்தால் 170(எச்) விதிக்கு அது போதும். ஆனால் ஏற்கெனவே குத்தகைக்கு விட்ட பங்கு ஏதாவது இருந்தால் அந்தக் குத்தகைப் பத்திரத்தை முதலில் புவியியலாளரிடம் கொடுங்கள். அதில் "இதர கனிமங்கள்" என்று ஒரு சொல் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள்.